செட்டாப் பாக்ஸ் வாங்கும் கேபிள்காரருக்கு: கொங்குப் பக்கத்தில் எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது

பெட்டி விற்க வருகிறவர் நீட்டும் தாளில் எச்டிஎம்ஐ, யூஎஸ்பி ரெக்கார்டிங், முகப்பில் ஒளிரும் எண், தமிழ் மெனு எல்லாம் இருக்கும். பவர் சப்ளையில் எத்தனை வோல்ட் கெபாசிட்டர் போட்டிருக்கிறார்கள், சிக்னல் எவ்வளவு இறங்கும் வரை ட்யூனர் (கேபிளிலிருந்து சேனலைப் பிடித்தெடுக்கும் பகுதி) படத்தை விடாது என்பதெல்லாம் இருக்காது. சோமனூர், பல்லடம், குமாரபாளையம் மாதிரி தறி ஓடும் ஊர்களில் பெட்டி படுப்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். ஒரு பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கக் கையில் காசு இருந்தால் அது முதலில் பவர் சப்ளைக்கும், மிஞ்சினால் ட்யூனருக்கும் போகட்டும். மிச்சம் பிடிக்க வேண்டியதை முகப்பு எண்ணிலும் யூஎஸ்பியிலும் பிடித்துக்கொள்ளலாம்.

கோவை மாநகரில் அனலாக் கேபிளை நிறுத்த விதித்த கெடு 2013 மார்ச் 31. மற்ற ஊர்கள் அடுத்த கட்டங்களில் வந்தன. கிராமங்களுக்கான கடைசிக் கெடு 2017 மார்ச் 31 வரை தள்ளிப்போனது. அந்தக் காலத்தில் போட்ட பெட்டிகளை மாற்றி இரண்டாம் சுற்று வாங்குகிறவர்களுக்கும், மொத்தமாக ஆர்டர் கொடுத்து மாடலில் இதை மாற்று, அதைச் சேர் என்று கேட்கும் நிலையில் இருப்பவர்களுக்கும், சர்வீஸ் மேசையில் உட்காருகிறவர்களுக்கும் இது உதவும்.

அமெரிக்கா என்ன செய்தது

ஆன்டெனாவில் வரும் அனலாக் ஒளிபரப்பை அமெரிக்கா 2009 ஜூன் 12-ல் நிறுத்தியது. பழைய டிவி வைத்திருந்த வீட்டுக்கு 2008-லிருந்து தலா 40 டாலர் மதிப்பில் இரண்டு கூப்பன் வரை கொடுத்தார்கள். கூப்பனுக்குத் தகுதி பெற பெட்டி எப்படி இருக்கவேண்டும் என்று அரசே எழுதி வைத்தது. எச்டிஎம்ஐ கூடாது, ரெக்கார்டிங் கூடாது. ஆனால் சேனல் 3 அல்லது 4-ல் டிவியின் ஆன்டெனா வாய்க்குப் போகும் ஆர்எஃப் வெளியீடும் மஞ்சள் முள் வீடியோவும் கட்டாயம். ட்யூனர் மைனஸ் 83 டிபிஎம் (சிக்னல் பலத்தின் ஒரு அளவு) வரை இறங்கிப் பிடிக்கவேண்டும். ஸ்டாண்ட்பையில் 2 வாட்டைத் தாண்டக்கூடாது. நான்கு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் பெட்டி தானே அணையவேண்டும். அலங்காரத்தை வெட்டி அடிப்படையை இறுக்கியது சரியான முடிவு. ஒரே ஒரு ஓட்டை விழுந்தது: அனலாக் சிக்னலை அப்படியே டிவிக்குக் கடத்திவிடும் வசதியைக் கட்டாயமாக்கவில்லை. குறைந்த சக்தியில் ஒளிபரப்பும் சின்ன டிவி நிலையங்கள் அப்போதும் அனலாக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தன. பெட்டியை நடுவில் செருகிய வீட்டில் அந்த நிலையங்கள் காணாமல் போயின.

படி 1: முதலில் வீதியை அளங்கள்

பெட்டியைப் பார்ப்பதற்கு முன் லைனில் கடைசி வீட்டுக்கு சிக்னல் மீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கணக்கு: கம்பத்து டேப்-ஆஃபில் (வீட்டுக்கு லைன் பிரியும் இடம்) சிக்னல் பலம் 68 டிபி மைக்ரோவோல்ட், சுருக்கமாக டிபி. அங்கிருந்து 40 மீட்டர் ஆர்ஜி-6 ஒயர். 860 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டிபி என்று வைத்தால் 8 போச்சு. வீட்டில் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் 4, கனெக்டர்களும் சுவர் சாக்கெட்டும் சேர்ந்து 1. பெட்டிக்கு வருவது 55. இது போதும். அதே வீட்டில் நான்கு வழி ஸ்ப்ளிட்டரை மாட்டி மூன்று வாயைச் சும்மா விட்டிருந்தால் 51-க்கு இறங்கும், அந்த வாய்களுக்கு 75 ஓம் டெர்மினேட்டர் போடாததால் எதிரொலியும் சேரும்.

தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வீடுகளான சாளைகள்தான் தலைவலி. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மரத்துக்கு மரம் கட்டி 150 மீட்டர் இழுத்திருப்பார்கள். ஆர்ஜி-6 என்றால் 30 டிபி விழும், தடித்த ஆர்ஜி-11 என்றால் 20. அங்கே நல்ல பெட்டி வாங்கி ஒயரை ஈடுகட்ட நினைப்பது வீண். ஒயரை மாற்றுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் ஒயர் ஆடி ஆடி எஃப் கனெக்டர் தளரும். கையால் திருகும் வகை கனெக்டரை வெளியில் போடவே வேண்டாம், கம்ப்ரெஷன் வகை போடுங்கள். இரண்டு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் அனலாக் காலத்தில் லேசான பொரிப்பொரியோடு ஓடியிருக்கும். டிஜிட்டலில் அதே இடம் படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும்.

அளக்கும்போது டிபி மட்டும் போதாது, எம்இஆரும் (சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்ற அளவு) பாருங்கள். குவாம் என்பது டிஜிட்டல் தகவலை அலையில் ஏற்றும் மாடுலேஷன் முறை; எண் கூடினால் தகவல் அதிகம் ஏறும், சிக்னலும் அதிகம் வேண்டும். 64 குவாமில் 28-க்கு மேலும் 256 குவாமில் 34-க்கு மேலும் வீட்டு முனையில் வரவேண்டும். டிபி நிறைய இருந்தும் எம்இஆர் குறைவு என்றால் எங்கோ ஒரு ஆம்ப்ளிஃபயர் மூச்சுமுட்ட ஓடுகிறது. அதற்கு இன்னொரு பூஸ்டர் மாட்டினால் இன்னும் மோசமாகும்.

படி 2: ட்யூனர்

8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயற்கையாக இருக்கும் வெப்ப இரைச்சல் 4 டிபி மைக்ரோவோல்ட் அளவு. சாதாரண ட்யூனர் தன் பங்குக்கு 7 சேர்க்கும். 64 குவாம் பிரிய இரைச்சலுக்கு மேல் 26 டிபி வேண்டும், 256 குவாமுக்கு 32. ஆக இந்தக் கணக்குப்படி 64-ல் 37, 256-ல் 43 என்பதுதான் கீழ் எல்லை. விற்பவர் "30 டிபியிலும் படம் வருமுங்க" என்றால் எந்த மாடுலேஷனில் என்று கேளுங்கள். 64-ல் 42, 256-ல் 48 வரை தாங்கினால் நல்ல ட்யூனர்.

256-க்கு மாறினால் அதே அலைவரிசையில் 38 மெகாபிட்டுக்குப் பதில் 50 மெகாபிட் போகும் (சிம்பல் ரேட் 6875 என்ற கணக்கில்). மூன்றில் ஒரு பங்கு லாபம். விலை 6 டிபி. கம்பம் கிட்டக்கிட்ட இருக்கும் திருப்பூர் டவுனில் அதைக் கொடுக்கலாம். தாராபுரம், காங்கயம் காட்டுப்பக்கத்தில் யோசிக்கவேண்டும். ஹெட்எண்டு (சேனல்களைச் சேர்த்து லைனில் அனுப்பும் இடம்) உங்கள் கையில் இல்லை என்றால் 256 வரும் என்று எண்ணியே பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

லூப் அவுட் வாய் உள்ள பெட்டி கேட்கலாமா? இரண்டாவது டிவிக்கு ஸ்ப்ளிட்டர் இல்லாமல் கொடுக்க வசதிதான். ஆனால் உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போவதால் முதல் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினால் இரண்டாவது அறையில் சிக்னல் போய்விடும். ஸ்ப்ளிட்டரே மேல்.

ஐப்பசி இடிக்கு ட்யூனர் முனையில் ஒரு காஸ் ட்யூப் அல்லது ஸ்பார்க் கேப்பும், சிக்னல் முள்ளிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சின்ன கம்பிச்சுருளும் இருக்கிறதா என்று போர்டில் பாருங்கள். இல்லாத பெட்டி, ஒரு நல்ல இடிக்குப் பிறகு அந்தக் கம்பத்தில் மாட்டிய அத்தனையும் ஒன்றாக "நோ சிக்னல்" காட்டும்.

படி 3: பவர் சப்ளை

தறிக்கூடங்கள் ஓடும்போது பகலில் 170 வோல்ட் வரை இறங்கும் லைன், ராத்திரி தறி நின்றதும் 260-ஐத் தாண்டும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் நொடியில் இன்னும் குதிக்கும். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வரவேண்டிய வீட்டில் 400-ஐத் தொடலாம். பெட்டியைத் திறந்து இந்த ஐந்தைப் பாருங்கள்.

மெயின் ஃபில்டர் கெபாசிட்டர். 400 வோல்ட் போட்டிருந்தால் அது 282 வோல்ட் ஏசி வரைக்கும்தான், ஏனென்றால் ஏசியின் உச்சம் அதன் 1.414 மடங்கு. 450 வோல்ட் கெபாசிட்டர் 318 வரை தாங்கும். கொங்குப் பக்கத்துக்கு 450 என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

அதன் அளவு. 6 வாட் இழுக்கும் பெட்டிக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டு, லைன் 170 வோல்டில் இருக்கும்போது கரண்ட் அறுந்தால் ஏறத்தாழ 30 மில்லிநொடி தாங்கும். 22 போட்டால் 70. "இன்வெர்ட்டருக்கு மாறுறப்பெல்லாம் பாக்ஸ் மறுக்கா மொதல்ல இருந்து ஸ்டார்ட் ஆகுதுங்ணா" என்று வரும் புகாருக்குக் காரணம் இதுதான். வீட்டு இன்வெர்ட்டர் யூபிஎஸ் நிலையில் இல்லாமல் சாதா நிலையில் இருந்தால் மாற 40 மில்லிநொடி வரைகூட எடுக்கும். அந்த வீட்டுக்கு உடனடித் தீர்வு, இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளுவது.

எம்ஓவி, அதாவது வோல்ட் எகிறினால் தன் வழியே இழுத்து அடக்கும் பாகம். 10டி431 போட்டால் 275 வோல்டுக்குத்தான்; ராத்திரி ஏறும் லைனில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து ஒருநாள் வெடிக்கும். 10டி561 போட்டால் 350 வோல்ட் வரை சும்மா இருக்கும், அதற்குள் கெபாசிட்டர் போய்விடும். 450 வோல்ட் கெபாசிட்டருக்குப் பொருந்துவது 300 வோல்டுக்கான 10டி471. எம்ஓவிக்கு முன்னால் ஃப்யூஸ் இருக்கவேண்டும். பின்னால் இருந்தால் எம்ஓவி ஷார்ட் ஆகி எரியும்போது தடுக்க எதுவும் இல்லை. நியூட்ரல் அறுந்த அன்றைக்கு இந்த ஃப்யூஸும் எம்ஓவியும் மட்டும் போனால் அந்தப் பெட்டி பிழைத்தது என்று அர்த்தம்.

வெளியீட்டு கெபாசிட்டர்களின் வெப்ப அளவு. இங்கேதான் ஒன்றிரண்டு ரூபாய் மிச்சத்துக்காகப் பெட்டியின் ஆயுளையே விற்கிறார்கள். 85 டிகிரி, 2000 மணி நேரம் என்று எழுதிய கெபாசிட்டர் 65 டிகிரியில் 8000 மணி நேரம் ஓடும். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது கணக்கு. அணைக்காமல் ஓடினால் பதினோரு மாதம். அதே 2000 மணி நேரம், ஆனால் 105 டிகிரி என்றால் 32,000 மணி நேரம், மூன்றரை வருடத்துக்கு மேல். காய்ந்த கெபாசிட்டரின் அடையாளம்: மார்கழிக் காலையில் பெட்டி கிளம்பாது, விளக்கு மட்டும் சிமிட்டும், நாலைந்து தடவை போட்டு அணைத்தால் சூடேறி ஓடிவிடும். மேல்பக்கம் உப்பியிருக்கவேண்டும் என்றில்லை, பார்க்க நன்றாக இருந்தும் ஈஎஸ்ஆர் (உள்ளே இருக்கும் மின்தடை) ஏறியிருக்கும். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் கெபாசிட்டர் இருந்தால் 25 வோல்ட், 105 டிகிரியாக மாற்றுங்கள்.

ஒய் கெபாசிட்டர். மெயின்ஸ் பக்கத்துக்கும் டிவி பக்கத்துக்கும் நடுவில் நீலமாக உட்கார்ந்திருக்கும். "டிவி பின்னால கை வெச்சா சுள்ளுனு இழுக்குதுங்க" என்பது இதன் கசிவு. 2.2 நானோஃபாரட் என்றால் ஒரு பெட்டிக்கு அதிகபட்சம் 0.17 மில்லியாம்ப், தனியாக ஆபத்தில்லை. ஆனால் எல்லா வீட்டுப் பெட்டியின் உலோகப் பக்கமும் ஒரே கேபிளின் மேல்வலையில்தான் சேர்கிறது. ஒரே ஃபேஸில் 20 வீடு என்றால் 3.4 மில்லியாம்ப் வரை. கம்பத்தில் ஏறி ஜாயின்டைப் பிரிக்கும் பையன் கையில் அது இறங்கும், கை உதறி விழுந்தால் அடி கரண்டால் வராது, உயரத்தால் வரும். 1 நானோஃபாரடாகக் குறைத்தால் கசிவு பாதியாகும், ஆனால் சப்ளையின் இரைச்சல் படத்தில் லேசான கோடாகத் தெரியலாம். 1 போடச் சொல்லிச் சோதியுங்கள், கோடு வந்தால் 2.2-க்குப் போய் ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் சிக்னலை விட்டு கசிவைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் மாட்டுங்கள். எந்த அளவானாலும் "ஒய்1" முத்திரை இருக்கவேண்டும். சாதா 1 கிலோவோல்ட் செராமிக் போட்டிருந்தால் அந்த மாடலைத் தொடாதீர்கள். அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் முழுதும் கேபிளில் ஏறும்.

உள்ளே சப்ளையா, வெளியே அடாப்டரா என்பது நெடுநாள் வழக்கு. எங்கள் தீர்ப்பு அடாப்டர் பக்கம். போகும் பொருள் வெளியே இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிட்டு வரலாம், பெட்டிக்குள் சூடும் குறையும். இதன் தொல்லை, வீட்டுக்காரர் ரவுட்டர் அடாப்டரையோ எல்இடி விளக்கு அடாப்டரையோ எடுத்துச் செருகுவது. அதற்காகப் பெட்டியின் 12 வோல்ட் வாயில் ஒரு பாலிஃப்யூஸும் (தானே மீளும் ஃப்யூஸ்) எஸ்எம்பிஜே15ஏ டிவிஎஸ் டயோடும் கேளுங்கள். கூடுதல் வோல்ட் வந்தாலும் முள் தலைகீழாக இருந்தாலும் டயோடு கரண்டைத் தன் வழியே இழுக்கும், அந்தக் கரண்டில் பாலிஃப்யூஸ் தடுத்துவிடும். முள் அளவையும் எழுதி வாங்குங்கள். 2.1 மில்லிமீட்டர் முள்ளில் 2.5 பிளக் நுழையும், படம் வரும், யாராவது மேசையைத் தட்டினால் ரீபூட் ஆகும். அந்தப் புகாரை வைத்துக்கொண்டு போர்டில் நாள் முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு.

பெட்டி, அடாப்டர் இரண்டின் மேலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் ("ஆர்" என்று தொடங்கும் எண்) தனித்தனியாக இருக்கவேண்டும்.

படி 4: சூடும் பஞ்சும்

காற்றோட்டத் துளை நிறைய இருந்தால் நல்லது என்று எந்தப் புத்தகமும் சொல்லும். தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் அப்படியில்லை. மேல்மூடியில் பெரிய துளை இருந்தால் சில மாதத்தில் பஞ்சு படிந்து ஹீட் சிங்க்குக்குப் போர்வை போட்டுவிடும். கரப்பான் பூச்சியும் சூட்டுக்கு உள்ளே வரும். துளையே இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் தகர ஓட்டுக்கு அடியில் பெட்டி வெந்துபோகும். நடுவழி: துளைகள் பக்கவாட்டிலும் அடியிலும், 2 மில்லிமீட்டருக்குள், அடியில் 5 மில்லிமீட்டராவது உயரமான ரப்பர் கால். மாட்டுகிற ஆள் செய்யவேண்டியது: பழைய குண்டு டிவியின் மேல் வைக்காமல் சுவரில் இரண்டு திருகில் மாட்டுவது, மேலே துண்டு போர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது.

படி 5: டீகோடர், மெமரி

படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறையான எம்பெக்-2 மட்டும் தெரிந்த பெட்டி இனி வேண்டாம். 38 மெகாபிட்டில் எம்பெக்-2 எஸ்டி சேனல் 3.5 வீதம் பத்துதான் போகும், எம்பெக்-4-ல் 1.8 வீதம் இருபது. ஒரு வீதியில் பத்து பழைய பெட்டி இருந்தாலும் ஹெட்எண்டு அந்தப் பத்துக்காக எல்லா சேனலையும் பழைய முறையிலேயே ஓட்டவேண்டியிருக்கும்.

மெமரியில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: சாஃப்ட்வேர் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால்? ஃப்ளாஷில் ஒரே பிரதி வைத்திருக்கும் பெட்டி அதோடு செத்தது. இரண்டு பிரதி வைக்க இடம் விட்ட பெட்டி பழையதில் எழுந்து மறுபடி முயலும். மின்வெட்டுள்ள ஊருக்கு இரண்டாவது வகைதான். சாம்பிள் பெட்டியில் அப்டேட் பாதியில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 6: டிவியோடு சேரும் பக்கம்

ஏவி வாய் இல்லாத பழைய டிவிகள் இன்னும் சில வீட்டில் உண்டு. அதற்காக எல்லாப் பெட்டியிலும் ஆர்எஃப் மாடுலேட்டர் கேட்கவேண்டாம். தனி மாடுலேட்டர் சில வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் அகலம் பற்றி விசாரியுங்கள். 16:9 படத்தை 4:3 டிவியில் முழுதாகக் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, உயரத்தில் முக்கால்தான் படம். நடுவை மட்டும் வெட்டிக் காட்டினால் இரு பக்கமும் எட்டில் ஒரு பங்கு போகும். செய்தி ஓடும் வரியின் முனையும் சேனல் சின்னமும் அறுபடும். இழுத்து நிரப்பினால் ஆட்கள் ஒல்லியாவார்கள். மூன்றையும் மாற்ற ரிமோட்டிலேயே ஒரு பொத்தான் வேண்டும். அப்பிச்சியும் அம்மாயியும் மட்டும் இருக்கும் சாளையில் நாலு மெனு இறங்கி மாற்றச் சொன்னால் உங்களுக்குத்தான் போன் வரும். அதே காரணத்துக்காக டிவியின் பவரையும் சத்தத்தையும் கற்றுக்கொள்ளும் ரிமோட் கேளுங்கள்.

ஸ்டாண்ட்பை பெரும்பாலும் பொய். சிவப்பு விளக்கு மட்டும் மாறும், உள்ளே எல்லாம் ஓடும். 6 வாட் வருடம் முழுக்க ஓடினால் 52 யூனிட்டுக்கு மேல். வாட் மீட்டரில் போட்டுப் பாருங்கள். நிஜமாக அணையும் பெட்டிக்கு ஒரு குறை உண்டு, கேபிளில் வரும் அனுமதிச் செய்திகளை அந்த நேரத்தில் வாங்காது. நோம்பிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் பூட்டிக்கிடந்த வீட்டிலும் இதேதான்: பணம் கட்டியிருந்தும் சேனல் பூட்டியே நிற்கும். பெட்டியைப் போட்டு ஒரு சேனலில் விட்டுவிட்டு, அனுமதியை மறுபடி அனுப்பச் சொன்னால் திறக்கும். பெட்டியை மாற்றத் தேவையில்லை.

படி 7: ஆர்டருக்கு முன் மேசைச் சோதனை

சாம்பிளாகப் பத்துப் பெட்டி, கடைக்காரர் தேர்ந்து தருவதை விட்டு நீங்களே அட்டைப்பெட்டியிலிருந்து எடுங்கள். வேரியாக்கில் (வோல்டை ஏற்றி இறக்கும் கருவி) 140-லிருந்து மெல்ல ஏற்றி 280 வரை. ஒவ்வொரு 20 வோல்டிலும் அணைத்துப் போட்டு கிளம்புகிறதா பாருங்கள். 280-ல் அரை மணி நேரம் விடுங்கள். அதே பிளக் போர்டில் கிரைண்டரையும் மிக்சியையும் போட்டு அணைத்து, படம் உடைகிறதா பாருங்கள். பின் 75 ஓம் ஸ்டெப் அட்டென்யுவேட்டரை நடுவில் வைத்து சிக்னலை ஒவ்வொரு டிபியாகக் குறைத்து, கட்டம் விழும் எண்ணை எழுதுங்கள். பத்தில் எட்டு ஒரே எண்ணும் இரண்டு மட்டும் 5 டிபி மோசமாகவும் வந்தால் உற்பத்தியில் கட்டுப்பாடு இல்லை என்று பொருள். சராசரி பார்த்து ஏமாறவேண்டாம். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பிளக் முள்ளுக்கும் எஃப் கனெக்டர் உடலுக்கும் நடுவில் 4 மெகாஓமுக்குக் கீழே காட்டும் பெட்டி ஒன்று கிடைத்தாலும் அந்த லாட்டே வேண்டாம். கடைசியாக, ஓடும் பெட்டிகளை மூடிய அட்டைப்பெட்டிக்குள் எட்டு மணி நேரம் வைத்து, உள்ளே தெர்மாமீட்டர் 50 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எது தானாக ரீபூட் ஆகிறதோ அதைத் திறந்து முதலில் வெளியீட்டு கெபாசிட்டரின் எழுத்தைப் படியுங்கள்.

நூறு பெட்டிக்கு இருப்பு வைக்கவேண்டியவை: எட்டு அடாப்டர், ஐந்து ரிமோட், இரண்டு முழுப் பெட்டி, ஐம்பது கம்ப்ரெஷன் கனெக்டர், இருபது டெர்மினேட்டர், 10டி471 எம்ஓவியும் ஃப்யூஸும் பத்துப் பத்து. அடாப்டர் வாங்கும்போது பெட்டி வாங்கிய அதே இடத்தில், அதே பிளக் அளவில் வாங்குங்கள்.